எழுத்து தெரிகிறது, மினுக்கல் தெரியவில்லையே?

கேள்வி: எனக்கு 29 வயது. சில மாதங்களுக்கு முன் இடது கண் மங்கியது. கண்ணை அசைத்தாலே வலி. பார்வை நரம்பு அழற்சி என்று ஸ்டீராய்டு ஏற்றினார்கள். இப்போது பலகையில் கடைசி வரி வரை படிக்கிறேன். ஆனால் மினுக்கும் விளக்கைக் காட்டிச் சோதித்ததில் வலது கண் 41, இடது கண் 27 என்று எழுதியிருக்கிறார்கள். நோய் திரும்புகிறதா? – ஒரு வாசகி

பதில்: அந்த 27-ஐ மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. முதலில் பயத்தை ஓரமாக வையுங்கள்.

பலகையில் உள்ள எழுத்து அசையாமல் நிற்கும்; நீங்கள் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்கும். மினுக்கும் விளக்கு காத்திருக்காது. அழற்சி, நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள மையலின் உறையை அரித்துவிடுகிறது. இழை பிழைத்துக்கொண்டால் எழுத்து திரும்பத் தெரியும். உறை முழுதாகச் சீராகாவிட்டால் செய்தி தாமதமாகப் போகும். அந்த மந்தத்தைத்தான் இந்தச் சோதனை பிடிக்கிறது. உங்கள் இடது கண்ணுக்கு, நொடிக்கு 27 முறைக்கு மேல் மினுக்கினால் விளக்கு நின்று எரிவது போலிருக்கிறது. வலது கண் 41 வரை துடிப்பைப் பார்க்கிறது. “மினுக்கல் சீக்கிரமே நின்றுவிட்டது டாக்டர்” என்று சந்தோஷமாகச் சொல்கிறவர்கள் உண்டு. நல்ல கண்ணுக்கு அது சீக்கிரம் நிற்கக் கூடாது!

எனக்கு இந்தச் சோதனை பிடிக்கக் காரணம், கண்ணாடிப் பவர் சரியில்லை என்றாலோ லேசான புரை இருந்தாலோ எழுத்து மங்கும், இந்த எண் பெரிதாக மாறாது. எண்ணும் இறங்கியிருந்தால் என் கவனம் நரம்பின் பக்கம் போகும்.

அதற்காக இதைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். விளக்கின் வெளிச்சம் கூடினால் எண்ணும் கூடும். தூக்கக் கலக்கம் இருந்தால் இறங்கும். மினுக்கல் நின்றதும் பொத்தானை அழுத்தத் தயங்கும் விரல்கூட முடிவை மாற்றும். அதனால்தான் வேகத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்துச் சராசரி எடுக்கிறோம். அடுத்த முறையும் அதே கருவியில் பாருங்கள். வலது கண்ணோடு ஒப்பிடுங்கள். நரம்பு மந்தம் என்று இது சொல்லும், ஏன் என்று சொல்லாது. கட்டி அழுத்தினாலும், காசநோய்க்குத் தரும் எத்தாம்புட்டால் மாத்திரை நரம்பைப் பாதித்தாலும் எண் இறங்கலாம். காரணத்துக்கு எம்.ஆர்.ஐ., ரத்தத்தில் ஆன்டிபாடி சோதனை எல்லாம் வேண்டும்.

ஒரு விஷயம் நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஒரு கண் மட்டும் தாமதமாகச் செய்தி அனுப்பினால், நேர்கோட்டில் ஆடும் ஊசல் நீள்வட்டமாகச் சுற்றுவது போலத் தெரியும். 1922-இல் இதை விளக்கிய ஜெர்மன் இயற்பியலாளர் கார்ல் புல்ஃப்ரிச்சுக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது. அவரால் இதைப் பார்க்கவே முடியவில்லை! உங்களுக்குப் பந்தைப் பிடிப்பதிலோ, வரும் வண்டியின் தூரத்தைக் கணிப்பதிலோ தடுமாற்றம் இருந்தால் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெந்நீர்க் குளியலுக்கோ உடற்பயிற்சிக்கோ பிறகு பார்வை கொஞ்ச நேரம் மங்கி, உடல் குளிர்ந்ததும் தெளிந்தால் அது ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்ஹோஃப் 1890-இல் விவரித்த நிலை. பெரும்பாலும் புதுத் தாக்குதல் அல்ல. தெளியாமல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, வலி திரும்பினாலோ உடனே போய்விடுங்கள்.

கேள்வி: இதைச் செல்போன் செயலியிலேயே பார்த்துக்கொள்ளலாமா? – இன்னொரு வாசகர்

பதில்: சரிப்படாது. சாதாரணத் திரை நொடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கும். ஒரு மினுக்கலுக்கு வெளிச்சம் ஒன்று, இருட்டு ஒன்று என இரண்டு படச் சட்டம் (ஃபிரேம்) வேண்டும். அதிகபட்சம் 30 கிடைக்கும், அதற்குக் கீழே, ஒரு மினுக்கலுக்கு மூன்று சட்டம் என்றால், சட்டென்று 20. 41-ஐ எப்படிக் காட்டுவது? மினுக்கும் ஒளி பட்டால் வலிப்பு வருகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். வீட்டில் ஏதாவது பார்த்தே ஆக வேண்டும் என்றால், ஒரு சிவப்பு பாட்டில் மூடியை எடுத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் என மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு கண்ணுக்கு அது வெளிறித் தெரிந்தால் கண் மருத்துவரிடம் போங்கள்.