திரையின் மறுபக்கம் ஆலோசகர்: வாசகர் கேள்வி–பதில்

கே: கல்யாணமாகி 3 வருடம். உடலுறவு என்றாலே எனக்கு வலி, பயம். அவருக்கோ சீக்கிரம் முடிந்துவிடுகிறது. நேரில் போய்ச் சொல்லக் கூச்சம். வீடியோ கால் கவுன்சலிங்கில் தொட்டுப் பார்க்காமல் என்ன செய்துவிட முடியும்?
— பெயர் வேண்டாம், ஒரு வாசகி

ப: நேரில் போனாலும் ஆலோசகர் உங்களைத் தொடப்போவதில்லை. அவர் வேலை, கேட்பதும் பயிற்சி கொடுப்பதும். பயிற்சி நடப்பது உங்கள் படுக்கையறையில்தான். கேமராவை அணைத்துவிட்டுப் பேசலாம் என்றால் பலருக்குப் பாதிக் கூச்சம் போய்விடுகிறது.

ஆனால் வலி இருப்பதால், மகப்பேறு மருத்துவரிடம் ஒருமுறையாவது நேரில் காட்டிவிடுங்கள். தொற்று, வறட்சி, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) எதுவும் திரையில் தெரியாது. ‘பரிசோதனையெல்லாம் வேண்டாம்’ என்று சொல்லும் ஆலோசகரை விட்டுவிடுங்கள்.

பெரும்பாலும் தொடுகைப் பயிற்சியில் ஆரம்பிப்பார்கள். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1970-ல் உலகறியச் செய்தது. முதல் சில வாரம் உறவு கிடையாது என்று இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆளுக்குப் பதினைந்து நிமிடம், முதுகு, கை, கால் மட்டும். மார்பும் பிறப்புறுப்பும் பிறகு. தோலின் சூடு, மென்மை இவற்றைக் கவனிப்பதுதான் வேலை. கிளர்ச்சி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. கெடுவது எங்கே தெரியுமா? மூன்றாம் நாளே ‘நன்றாகத்தானே போகிறது’ என்று விதியை மீறுவதில். தொட்டால் அடுத்தது வலிதான் என்ற பயம் திரும்பிவிடும். மீறியிருந்தால் அடுத்த அமர்வில் மறைக்காதீர்கள்.

உங்கள் கணவருக்கு ‘நிறுத்தித் தொடங்கும்’ முறை. முதலில் அவர் தனியாகவே பழகலாம். உச்சத்துக்கு வெகு முன்பே நிறுத்தி, வேகம் தணிந்ததும் மறுபடி தொடங்க வேண்டும். மூன்று முறை நிறுத்தி, நான்காவதில் உச்சம் வர விட்டுவிடலாம். கடைசி நொடியில் நிறுத்தப் பார்ப்பதுதான் வழக்கமான தவறு. அந்தக் கட்டத்தில் யாராலும் நிறுத்த முடியாது.

கே: வீட்டில் தனி அறை இல்லை. இதையெல்லாம் எப்படிப் பேசுவது?

ப: ஹெட்போன் மறைப்பது ஆலோசகரின் குரலை, வெளியே கேட்பது உங்கள் குரல். நிறுத்திய கார், மொட்டை மாடி நல்ல இடங்கள். அறைக்குள்தான் என்றால் கதவுக்கு வெளியே ரேடியோ பாடட்டும், மைக் அருகில் வேண்டாம். சங்கடமான சொற்களை மட்டும் சாட்டில் தட்டச்சு செய்யலாம். ‘வலி பத்துக்கு ஏழு’ என்பதுபோல எண்ணில் சொல்லவும் பேசி வைத்துக்கொள்ளலாம். போனில் வரும் அறிவிப்புகளின் முன்னோட்டத்தை அணைத்துவிடுங்கள். குட்டு வெளிப்படுவது பெரும்பாலும் அதில்தான்.

இருவரும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரே கருவி போதும். இரண்டு வைத்தால் எதிரொலிக்கும். கருவியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முகம் மட்டும் தெரிந்தால், கணவர் கால் ஆட்டிக்கொண்டிருப்பதும் நீங்கள் புடவை நுனியை முறுக்குவதும் ஆலோசகர் கண்ணில் படாது. நேரில் இருந்தால் அதைத்தான் முதலில் கவனித்திருப்பார். வெளியூரில் இருப்பவர் தனியாக இணையலாம். தொலைவழிக் கவுன்சலிங்கின் பெரிய லாபமே அதுதான்.

கே: வயது 48, சர்க்கரை உண்டு. விறைப்பு குறைந்துவிட்டது. கவுன்சலிங் போதுமா, ஆன்லைனில் மாத்திரை வாங்கலாமா?

ப: முதலில் ரத்தப் பரிசோதனையும் பிபியும். விறைப்புக் குறைவு ரத்தக் குழாய் அடைப்பின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் சில்டனாபில் என்ற விறைப்பு மாத்திரையைப் போட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். காலையில் எழும்போது விறைப்பு வழக்கம்போல இருந்தால் மனதின் பங்கு அதிகம்; அப்போது கவுன்சலிங் நன்றாகவே கைகொடுக்கும்.

கே: கணவர் அடிப்பார். சேர்ந்து கவுன்சலிங் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். போகலாமா?

ப: சேர்ந்து வேண்டாம். நீங்கள் வாய் திறந்ததற்கான அடி, வீடியோ கால் முடிந்த பிறகு விழும். ஆலோசகரால் தடுக்க முடியாது. கணவர் கைபடாத போனில், அவர் இல்லாத இடத்திலிருந்து தனியாகப் பேசுங்கள். அவர் திடீரென வந்தால் சொல்ல ஒரு சாதாரண வார்த்தையை முதல் அமர்விலேயே ஆலோசகரோடு முடிவு செய்துகொள்ளுங்கள்.