மண் தந்த மருந்தும் கிருமியின் சுவரும்

கேள்வி: தக்காளித் தோட்டத்தில் அடிபட்டால் செம்மண்ணைக் குழைத்துக் காயத்தில் பூசுவார் என் பாட்டி. மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து டீக்சோபேக்டின் என்ற ஆன்டிபயாடிக் கிடைத்ததாகப் படித்தேன். அது கிருமியின் சுவரை எழவிடாமல் தடுக்கிறதாமே, எப்படி? பாட்டி செய்ததும் சரிதானா?
வாசகர், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்

பதில்: பாக்டீரியாவின் செல் சவ்வுக்கு வெளியே பெப்டிடோகிளைகான் என்னும் உறுதியான சுவர் உண்டு, உள்ளே அழுத்தம் மிகுதியாக இருப்பதால், அச்சுவர் பழுதானால் செல் நீரை உறிஞ்சி உப்பி வெடித்துவிடும். நம் உடல் செல்களுக்கு இத்தகைய சுவரே இல்லாததால்தான், அதைக் குறிவைக்கும் மருந்துகள் கிருமியைக் கொன்று நம்மைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன (பென்சிலின் ஒவ்வாமை வேறு விஷயம்).

வீடு கட்டும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். செங்கல் செல்லுக்குள்ளேயே தயாராகிறது. அதை வெளியே சுமந்து செல்லும் சித்தாள் ஒரு கொழுப்பு மூலக்கூறு. செங்கல்லும் சித்தாளும் சேர்ந்த நிலைக்கு லிப்பிட் 2 என்று பெயர். வெளியே மேஸ்திரிகளான நொதிகள் செங்கல்லை வாங்கிப் பதித்ததும், சித்தாள் அடுத்த நடைக்கு உள்ளே திரும்பும். 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்த பென்சிலின், மேஸ்திரியின் கையைக் கட்டிப்போடுகிறது. ஆனால் மேஸ்திரி ஒரு புரதம், மரபணு மாறினால் அதன் வடிவமும் மாறி, மருந்தின் பிடி நழுவும். வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கோ செங்கல்லின் வால் நுனியிலுள்ள இரண்டு அலனின்களை (அமினோ அமிலங்களை)ப் பற்றுகிறது. கடைசி அலனினுக்குப் பதிலாக லாக்டேட் என்ற வேறொரு மூலக்கூறை வைத்து அதையும் ஏமாற்றக் கற்றுக்கொண்ட பாக்டீரியாக்கள் உண்டு.

2015-இல் அறிவிக்கப்பட்ட டீக்சோபேக்டின் பிடிக்கும் இடமே வேறு. சித்தாளின் தலையும் செங்கல்லும் சேரும் இடத்திலுள்ள பைரோபாஸ்பேட் என்ற இரட்டைப் பாஸ்பேட் இணைப்பையும் அதை ஒட்டிய சர்க்கரையையும் அது கவ்விக்கொள்வதால், செங்கல் சுவருக்குப் போவதில்லை, சித்தாளும் உள்ளே திரும்புவதில்லை. இவை புரதங்கள் அல்ல என்பதால், ஒற்றை மரபணு மாற்றத்தால் இவற்றை மாற்றிவிட முடியாது. இதன் மதிப்பே அதில்தான் இருக்கிறது என்பேன். டீக்சோபேக்டின் மூலக்கூறுகள் கிருமியின் செல் சவ்வின்மேல் இழைகளாகக் கோத்துக்கொண்டு சவ்வையே நலியச் செய்வதும் 2022-இல் தெரியவந்தது. எனினும் ஈ.கோலை போன்று சுவருக்கும் வெளியே இன்னொரு சவ்வு கொண்ட கிருமிகளை இது கொல்வதில்லை. அந்தச் சவ்வைத் தாண்டி உள்ளே நுழைய இதனால் இயலாது.

இனி, பாட்டியின் செம்மண். ஆய்வகத்தில் வளர மறுத்த பாக்டீரியாவை ஐசிப் என்ற கருவிக்குள் அடைத்து, மீண்டும் மண்ணிலேயே வைத்து வளர்த்து, அது சுரந்ததைப் பிரித்தெடுத்த பிறகே டீக்சோபேக்டின் கிடைத்தது. பிடி மண்ணில் அந்த மருந்து கலந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. டெட்டனஸ் கிருமியின் வித்துகளோ இருக்கக்கூடும். காயத்தைச் சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு, டெட்டனஸ் தடுப்பூசி போட்டு ஆண்டுகள் பல ஆகியிருந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள்.