மே 31 வரை பெர்லினில் இருக்க முடியுமா?

மார்ச் 1 ரோமில் இறங்கி, மே 31 பெர்லின் நண்பர் வீட்டிலிருந்து ஊர் திரும்புவதாகப் போட்டிருக்கிறீர்கள். ஷெங்கன் விசாவில் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்கானது) அதிகபட்சம் 90 நாள்தான் தங்கலாம்; மூன்று மாதமும் 90 நாளும் ஒன்றல்ல. இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். 31+30+31 கூட்டினால் 92. இறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டும் சேரும் என்பதால் மே 29 கடைசி. விசா ஸ்டிக்கரில் 90-க்குக் குறைவாக இருந்தால் அந்த எண்தான் செல்லும்.

டிக்கெட்டை மாற்ற முடியாதென்றால் நடுவில் ஷெங்கனுக்கு வெளியே போய் வாருங்கள். இத்தாலியின் பாரி துறைமுகத்திலிருந்து அல்பேனியாவின் துர்ரஸுக்கு இரவுக் கப்பல் உண்டு. பல்நுழைவு ஷெங்கன் விசாவில் ஏற்கெனவே நுழைந்திருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டாம். ஒற்றை நுழைவு என்றால் மறந்துவிடுங்கள், திரும்பி உள்ளே வர முடியாது. கப்பல் இரவுகளோடு மூன்று இரவு போனால் மிச்சமாவது இரண்டே நாள்: வெளியேறும் நாளும் திரும்பும் நாளும் ஷெங்கன் கணக்கில்தான் விழும். 92-இல் இரண்டு போனால் சரியாக 90, தாமதத்துக்கு இடமே இல்லை. அதனால் நான்கு இரவாகப் போடுங்கள். குரோஷியா உதவாது, 2023 முதல் அதுவும் ஷெங்கன்தான்.