கொம்பும் தசைநாரும் வச்சிரமும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மங்கோலிய வில்லாளர்கள் குறித்த தங்கள் கட்டுரையை வாசித்தேன். செங்கிஸ்கானின் தம்பி மகன் இசுங்கே 335 பாகத் (ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம்) தொலைவுக்கு அம்பெய்ததைச் சொல்லும் கல்வெட்டைப் பற்றி அதில் எழுதியிருந்தீர்கள். ஆனால் இன்றைய மங்கோலியக் கைவினைஞர்கள் செய்வது அந்த வில் அல்ல, வடகிழக்குச் சீனத்து மஞ்சு இனத்தவரிடமிருந்து வந்த பெரிய வில் என்று பின்னர் அறிந்தேன். அப்படியானால் அதை மரபு வில் என்று அழைப்பது பொருந்துமா? அதே வடிவில் கண்ணாடியிழை வில்கள் எளிதாகக் கிடைக்கும்போது, ஒரு வில்லுக்காக ஏறத்தாழ ஓராண்டு உழைப்பதன் தேவை என்ன?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

நீங்கள் அறிந்துகொண்டது சரியே. 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த புதைகுழிகளில் கிடைத்த வில்கள் இன்றைய வில்லைவிடச் சிறியவை. கல்கா மங்கோலியர் 1691இல், சீனத்தை ஆண்ட மஞ்சுக்களின் சிங் பேரரசுக்குப் பணிந்தனர்; 1911 வரை நீடித்த அந்த ஆட்சியில் மஞ்சுக்களின் வில்லே எங்கும் பரவியது. நீண்டு விறைத்த முனைக்கட்டைகளும், நாண் வந்து படிவதற்கென அவற்றின் அடியில் பொருத்தப்பட்ட சிறு தாங்கிகளும் அந்த வில்லின் அடையாளங்கள். இன்று நாதம் என்னும் மங்கோலியத் தேசிய விளையாட்டுத் திருவிழாவில் நாம் காண்பது அதன் வழிவந்த வில்தான். ஆயினும், உருவம் மாறியதைக் கொண்டு மரபு அறுந்துவிட்டது என்ற முடிவுக்கு வருவதை நான் ஏற்கவில்லை. வில் செய்பவரின் அறிவு பெரிதும் அடங்கியிருப்பது பொருள்களை இணைக்கும் முறையில். அந்த முறை இரண்டு வில்களுக்கும் ஒன்றே.

நடுவே மெல்லிய மரம்; எய்பவரை நோக்கிய பக்கத்தில் கொம்பு; இலக்கை நோக்கிய பக்கத்தில் விலங்கின் தசைநார். நாணை இழுக்கும்போது உட்பக்கம் நசுங்குகிறது, வெளிப்பக்கம் இழுபடுகிறது. மரம் மட்டும் இருந்தால் இவ்வளவு குட்டையான வில் அந்த வளைவில் முறிந்துவிடும். கொம்பு நசுக்கத்தையும் தசைநார் இழுவையையும் மரத்தைவிட மிகுதியாகத் தாங்குவதால், குதிரைமீது அமர்ந்தபடி கையாளக்கூடிய நீளத்தில் பெரும் வலிமையை அடக்க முடிகிறது. உலர்ந்த தசைநாரைத் தட்டித் தட்டி நூலிழைகளாகப் பிரித்து, சீவி, மீனின் காற்றுப்பையிலிருந்தோ விலங்குத் தோலிலிருந்தோ காய்ச்சி எடுத்த வச்சிரம் என்னும் பசையில் தோய்த்து, படலம் படலமாக மரத்தின்மீது படியவைக்கிறார்கள். காயும்போது தசைநார் சுருங்கி, நாண் பூட்டாத வில்லை எதிர்ப்புறமாக வளைத்து இழுக்கிறது. அந்த முன்னிழுவையே பின்னர் அம்புக்கு விசையாகிறது. ஒரு படலம் நன்றாகக் காயுமுன் அடுத்ததை ஏற்றினால் உள்ளே ஈரம் தங்கிவிடும். முடிந்த பிறகும் வில் மாதக்கணக்கில் கிடந்து உலர வேண்டும். நீங்கள் கேட்ட ஓராண்டின் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பில்தான் செல்கிறது; கையை விரைவுபடுத்தி அதைக் குறைக்க முடியாது.

இந்த வேலையின் தொன்மையைக் காட்டும் சான்று சீனத்தின் மிகப் பழைய கைவினை நூலான கௌகோங்ஜியில் இருக்கிறது. குளிர்காலத்தில் மரத்தைப் பிளந்து, வசந்தத்தில் கொம்பை ஊறவைத்து, கோடையில் தசைநாரைப் பதப்படுத்தி, இலையுதிர்காலத்தில் மூன்றையும் இணைக்க வேண்டும் என்று அது பருவங்களை வகுக்கிறது. தொலைவுக்கு மரம், வேகத்துக்குக் கொம்பு, ஆழப் பாய்வதற்குத் தசைநார், இணக்கத்துக்கு வச்சிரம், உறுதிக்குப் பட்டு, பனியைத் தாங்க அரக்குப்பூச்சு என்று ஒவ்வொன்றின் பணியையும் சொல்கிறது. மங்கோலிய வில்லில் ஈரத்தைத் தடுக்கும் பணியைச் செய்வது தசைநாரின் மேல் ஒட்டப்படும் பிர்ச் மரப்பட்டை. வச்சிரம் நீரில் இளகக்கூடியது என்பதால் இந்தப் பட்டை இன்றியமையாதது. மங்கோலியாவின் மழை பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் பெய்வது. நாதமோ ஜூலையில் நடப்பது. ஆண்டின் ஈரமான பருவத்திலேயே வில் தன் பெரிய தேர்வை எழுதுகிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

பெரிய உருவம் நிலைத்ததற்கும் நாதத்தில் ஒரு காரணம் தெரிகிறது. இசுங்கே எய்தது, மத்திய ஆசியாவின் கோராஸ்மியப் பேரரசை வென்ற போருக்குப் பின் கூடிய கூட்டத்தில், தொலைவைக் காட்டுவதற்காக. 335 பாகம் என்பது 500 மீட்டருக்கும் மேல். நாதத்தில் ஆண்கள் 75 மீட்டரிலிருந்து, தரையில் அடுக்கிய சிறு தோல் உருளைகளைக் குறிவைத்து, எலும்பு முனையுள்ள மழுங்கிய அம்புகளை எய்கிறார்கள். நீண்ட கனத்த அம்பை ஆட்டமின்றி ஒரே சீராகச் செலுத்துவதற்கு நீள்முனை வில் மிகப் பொருத்தமானது. பயன்பாடு உருவத்தைத் தேர்ந்துகொண்டது. இதில் இழப்பாகக் கருத எதுவுமில்லை. 2010இல் யுனெஸ்கோ நாதத்தைத் தன் பட்டியலில் சேர்த்தது நன்று. ஆனால் வில் செய்பவருக்கு அதைவிடப் பெரிய துணை, புதிய வில் வேண்டும் என்று வந்து நிற்கும் வில்லாளர்தான். பெய்ஜிங்கில் இதே குடும்பத்தைச் சேர்ந்த வில்லைச் செய்துவரும் ஜூயுவான்ஹாவ் பட்டறை, 2006இல் சீனத்தின் தேசிய மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பல பத்தாண்டுகள் வேலை நின்றுபோன பட்டறை அது.

கண்ணாடியிழை வில்லை நான் குறைத்துப் பேசமாட்டேன். மழைக்கு அஞ்சாது, விலை குறைவு, கற்றுக்கொள்பவருக்கு அதுவே ஏற்றது. நாண் செயற்கை இழையாக இருப்பதிலும் எனக்குத் தடையில்லை. கொம்பையும் தசைநாரையும் செயற்கைப் பசையால் ஒட்டுவதை மட்டும் எதிர்க்கிறேன். வச்சிரத்தை வெந்நீரும் ஆவியும் இளக்கும். எனவே விலகிய கொம்பைப் பிரித்து மீண்டும் ஒட்டலாம், தளர்ந்த தசைநாருக்கு மேல் புதுப் படலம் ஏற்றலாம், இன்னொருவர் செய்த வில்லையும் பிரித்து அதன் உள்ளமைப்பைக் கற்கலாம். எபாக்ஸி போன்ற செயற்கைப் பசை இறுகிவிட்டால் இவற்றுள் எதற்கும் வழியில்லை.

அன்புடன்.