வாசகர் கேள்வி: எனக்கு வாரம் மூன்று காலைப்பொழுது வேண்டும்

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயது. மகளுக்குப் பத்து, மகனுக்கு ஆறு. மகனுக்கு ஆட்டிசம். கொஞ்ச காலமாக டிரெயில் ரன்னிங் (காட்டு, மண் பாதையில் ஓடுவது) பழகுகிறேன், ஆரோவில் பக்கத்துச் செம்மண் பாதையில் ஓடினால்தான் அந்த வாரமே எனக்கு ஓடுகிறது. ஆனால் எழுந்ததும் நான் இல்லை என்றால் மகன் அலறுகிறான், கணவர் திணறுகிறார், கடைசியில் மகள்தான் தம்பியைச் சமாதானப்படுத்துகிறாள். "இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு ஓட்டம் ஒரு கேடா" என்கிறார் மாமியார். பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தானில் அரை மாரத்தான் ஓட ஆசை. விட்டுவிடட்டுமா?
- பெயர் வேண்டாம், லாஸ்பேட்டை

பதில்: விடாதீர்கள். உங்கள் மகனுக்கு 26 வயதாகும்போது உங்களுக்கு 56 ஆகியிருக்கும், அப்போதும் அவன் பின்னால் ஓட, அவனைத் தாங்கிப் பிடிக்க உங்களுக்கு உடம்பில் தெம்பு வேண்டும். அதெல்லாம் இல்லாவிட்டாலும் ஆசைப்படுகிறீர்கள், அது ஒன்றே போதும் என்பேன்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சிக்கல் உங்கள் ஓட்டத்தில் இல்லை. கணவர் திணறுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் இருக்கிறது. எந்த டம்ளரில் கொடுத்தால் பால் குடிப்பான், எந்தச் சட்டையின் துணி உறுத்தும், மிக்சி சத்தத்துக்கு முன்னால் என்ன சொல்ல வேண்டும் எல்லாம் உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால் நீங்கள் எப்படி வெளியே போக முடியும்? ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள். அப்புறம் சில ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டிலேயே இருங்கள், ஆனால் வேறு அறையில். எழுப்புவதிலிருந்து குளிப்பாட்டுவது வரை அப்பாவே செய்யட்டும். சொதப்பினாலும் எட்டிப் பார்க்காதீர்கள், அவன் அழுகையை அப்பா ஒருமுறை முழுதாகக் கடந்தால்தான் அடுத்த முறை பயம் போகும்.

மகளைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்கிறேன். பத்து வயதுப் பெண் விடியற்காலையில் தம்பிக்கு அம்மாவாகக் கூடாது. அவள் பாசத்தில் செய்கிறாள் என்று பெரியவர்கள் அதை வழக்கமாக்கிவிடுவது அநியாயம். நீங்கள் ஓடும் நேரத்துக்குப் பொறுப்பு அப்பா, அவள் தூங்கட்டும்.

மகனிடம் சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு முன்னறிவிப்பில்லாத மாற்றம்தான் பெரிய கலவரம். தெரபியில் பட அட்டை பழக்கியிருப்பார்கள், அதையே வையுங்கள்: ஓடும் ஷூ படம், அப்பா படம், பால் கொடுக்கும் பாட்டி படம், கடைசியில் திரும்பி வந்த அம்மா. முந்தின இரவு வரிசையாகக் காட்டுங்கள். மாமியாரிடம் வாதாடுவதைவிட அந்த ஒரு அட்டை நல்லது, அவருக்கும் காலையில் ஒரு இடம் கிடைக்கும். செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று கிழமை மாறாமல் இருக்கட்டும், ஓட்டம் எவ்வளவு சுகமாகப் போனாலும் சொன்ன நேரத்துக்கு வீட்டில் இருங்கள்.

அரை மாரத்தான் 21.1 கிலோமீட்டர். அதற்கு வாரம் மூன்று நாள் போதும்: ஒன்று நிதானமாக, ஒன்று இடையிடையே வேகமாக, ஞாயிறு நீளமாக. பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு நாள் போய்விட்டது என்றால் அது போனதுதான், மறுநாள் இரண்டு மடங்காக ஓடி ஈடுகட்டாதீர்கள். பிப்ரவரிக்குத் தயாராகும் மாதங்களில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அந்தச் செம்மண் வழுக்கும். கணுக்கால் பிசகினால் மகனைத் தூக்க முடியாது, அதை நினைத்துக்கொண்டு மழை நாளில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்குப் போய்விடுங்கள். சுமார் ஒன்றரை கிலோமீட்டர், காலை ஏழரை வரை வண்டி வராது. காட்டுப் பாதையில் இருட்டில் தனியாக வேண்டாம், நெற்றி விளக்கும் ஒரு துணையும் அவசியம். ஆரோவில் மாரத்தானில் பரிசுக்காக யாரும் ஓடுவதில்லை, 10 கிலோமீட்டர் ஓட்டமும் உண்டு. பயிற்சி சேரவில்லை என்றால் இந்த வருடம் அதை ஓடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது, மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி). கேப்பர் மலைப் பக்கம் ஓடும்போது அவளையும் வீல்சேரில் தள்ளிக்கொண்டு போகலாமா?
- ஒரு அப்பா, கடலூர்

பதில்: போகலாம், ஆனால் அந்த நாற்காலியில் வேண்டாம். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம் செம்மண்ணில் புதைந்து, வண்டி அப்படியே முன்பக்கம் கவிழும். காற்றடித்த பெரிய சக்கரம் மூன்று, தோள்வரை பெல்ட், கை பிரேக், உங்கள் மணிக்கட்டோடு கட்டும் வார் இவை உள்ள ஓட்ட வண்டி வேண்டும். அமெரிக்காவில் டிக் ஹாய்ட் என்ற அப்பா, மூளை முடக்குவாதம் உள்ள மகன் ரிக்கைத் தள்ளிக்கொண்டு 1977-இல் ஓட ஆரம்பித்து, பாஸ்டன் மாரத்தானையே பல முறை முடித்தார். கழுத்தும் இடுப்பும் குலுக்கலைத் தாங்குமா என்று முதலில் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள், தார்ச்சாலையில் பழகிவிட்டு மண்ணுக்கு வாருங்கள். உங்களுக்கு வியர்த்துக் காற்று சுகமாக இருக்கும்போது, அசையாமல் உட்கார்ந்திருப்பவளுக்கு வெயிலோ குளிரோ உறைக்கும், அடிக்கடி தொட்டுப் பாருங்கள். முக்கியமாக, வர விருப்பமா என்று அவளையே கேளுங்கள். பேச்சு வராவிட்டால் "நிறுத்து" என்பதற்கு ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள், அவள் அதைக் காட்டினால் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது.