மெடிக்கல் போர்டு ‘நானா’ என்று எழுதிவிட்டால்…

கேள்வி: என் வீட்டுக்காரர் பீரங்கிப் படையில் 20 வருடம் இருந்துவிட்டு 2021-ல் ஹவில்தாராக வந்தார். வரும்போது நடந்த மெடிக்கல் போர்டில் காது மந்தம் 20 சதவீதம், ரத்தக்கொதிப்பு 30 சதவீதம் என்று போட்டார்கள். ஆனால் இரண்டுக்கும் பட்டாள வேலைக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிவிட்டார்கள். சாதாரண பென்ஷன் மட்டும் வருகிறது. உசிலம்பட்டியில் ஒருவர் முன்பணம் 25,000 ரூபாயும், வருகிற அரியரில் மூன்றில் ஒரு பங்கும் கொடுத்தால் டிஸ்எபிலிட்டி பென்ஷன் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஆறு மாதக் கெடு எப்போதோ போய்விட்டது, இனிமேல் தன்னால் மட்டும்தான் முடியும் என்கிறார். பணம் கட்டலாமா ஐயா? காது மெஷினும் வாங்க வேண்டியிருக்கிறது. கடையில் கேட்ட விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

பதில்: கட்ட வேண்டாம், தாயி. முன்பணமும் வேண்டாம், மூன்றில் ஒரு பங்கும் வேண்டாம்.

முதலில் அந்தக் கெடு விஷயம், அதைச் சொல்லித்தானே உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார். மறுப்புக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல் போட வேண்டும் என்பது நிஜம். அதோடு கதை முடிந்தது என்பது பொய். பென்ஷன் மாதாமாதம் வர வேண்டிய பணம். வராத ஒவ்வொரு மாதமும் ஒரு புதுக் குறை. அதனால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மனு போட்டால், ராணுவத் தீர்ப்பாயம் பெரும்பாலும் வழக்கை எடுத்துக்கொள்கிறது. பழைய பாக்கியில்தான் கை வைப்பார்கள். 2008-ல் உச்ச நீதிமன்றம் தார்செம் சிங் வழக்கில் சொன்னதை வைத்து, மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருட அரியரோடு பல வழக்குகளில் நிறுத்தியிருக்கிறார்கள். அதாவது நீங்கள் யோசித்துக்கொண்டே கழிக்கிற ஒவ்வொரு மாதமும் அரியரில் ஒரு மாதம் பின்னால் கழன்று போகலாம். அவசரம் இதில்தான் இருக்கிறது, அந்த ஆள் சொல்கிற இடத்தில் இல்லை.

அடுத்தது ‘சம்பந்தமில்லை’ என்ற அந்த வரி. இதற்கு இங்கிலீஷில் நாலு எழுத்துச் சுருக்கம் உண்டு. சேர்த்துப் படித்தால் ‘நானா’ என்று வரும். நோய் சேவையால் வரவும் இல்லை, சேவையால் கூடவும் இல்லை என்று அர்த்தம். நான் பட்டாளத்தில் கிளார்க்காகச் சேர்ந்து சுபேதாராக வெளியே வந்தவன். இந்த வரியைத் தட்டச்சு செய்து செய்தே விரல் தேய்ந்தவன். அதனால் சொல்கிறேன், நிறையப் பேப்பரில் இதற்குக் காரணம் என்று இருப்பது ஒரே ஒரு வாக்கியம்: ‘அமைதிப் பகுதியில் பணியாற்றும்போது தொடங்கியது.’ போர்முனை அல்லாத இடம் என்று அர்த்தம். ஆள் எந்த ஊர், என்ன வேலை பார்த்தார், பீரங்கிக்கு எத்தனை அடி தள்ளி நின்றார் என்ற கேள்வியெல்லாம் அந்த வாக்கியத்துக்குக் கிடையாது.

2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சேரும்போது நடந்த பரிசோதனையில் நோய் எதுவும் குறிக்கப்படாமல், பிறகு அந்த நோயோடு ஒருவர் வெளியே வந்தால், அது சேவையால் வந்தது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் போர்டுதான் காரணத்தை எழுத வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் காது நன்றாகக் கேட்டதால்தான் பீரங்கிப் படையில் எடுத்தார்கள். 20 வருடம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவர் காது மந்தமாகி வருகிறார். அப்புறமும் சம்பந்தமில்லையாம்!

அதனால் நீங்கள் சண்டை போட வேண்டியது காதுக்காக. ரத்தக்கொதிப்பையும் மனுவில் சேருங்கள், தவறில்லை. ஆனால் அதில் வாதம் இரண்டு பக்கமும் இழுபடும். காதில் அவ்வளவு இழுபறி இல்லை. ‘சதவீதம் அதிகமாக இருப்பதை முன்னால் வைப்போம்’ என்று அந்த ஆள் சொல்லியிருப்பார். காது 20 சதவீதம்தானே என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள். கணக்கு அப்படி இல்லை.

நூறு சதவீத ஊனத்துக்கு, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம் ஊனப் பங்காக (டிஸ்எபிலிட்டி பென்ஷனில் ஊனத்துக்கென்று தருகிற பகுதி) வரும். சம்பளம் 44,000 என்று வைத்துக்கொண்டால் அது 13,200. 20 சதவீத ஊனத்துக்கு 2,640 தான். ஆனால் 20-க்குக் குறையாமல், 50-க்குக் கீழே எது இருந்தாலும் அதை 50 ஆக உயர்த்திக் கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. அப்படி வந்தால் 6,600 ரூபாய், அதற்கு அகவிலை நிவாரணம் தனி. காது ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ளப்பட்டாலே அந்த 50-க்குப் போய்விடலாம். முதலில் நோயால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் இந்த உயர்வைத் தந்தார்கள். காலம் முடிந்து முறையாக வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொல்லி இத்தனை வருடம் ஆகிறது. இன்னமும் ஒவ்வொரு ஹவில்தாரும் தனித்தனியாகச் சென்னைக்குப் போய் ‘எனக்கும் அதே தீர்ப்பு’ என்று கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. வாங்கினாலும் சில வழக்குகளில் அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போகும். பட்டாளத்தில் மேலதிகாரி சொன்ன சொல்லை ஒரு சிப்பாய் இத்தனை தடவை திரும்பக் கேட்டுக்கொண்டு நின்றால் குவார்ட்டர் கார்டில், அதாவது காவல் அறையில், உட்கார வைத்துவிடுவார்கள்.

2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகள் வந்திருக்கின்றன. வாட்ஸ்அப்பில் அதைப் போட்டு, ‘இனி யாருக்கும் கிடையாது’ என்று பயமுறுத்துகிறார்கள். அது அந்தத் தேதிக்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு. உங்கள் வீட்டுக்காரர் 2021. அதைப் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, என்ன செய்வது? போர்டு நடவடிக்கைப் பேப்பர் முழுவதும் கையில் வேண்டும். ஏஎப்எம்எஸ்எப்-16 என்பார்கள். டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கிற இரண்டு வரி போதாது. பீரங்கிப் படை ரெக்கார்டு ஆபீஸ் நாசிக் ரோட்டில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்தில், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு, பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர், பதிவுத் தபால். படை எண்ணும் பென்ஷன் ஆணை எண்ணும் மறக்காமல் எழுதுங்கள். போர்டு பேப்பர், சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனைப் பேப்பர், வருடாந்திர மெடிக்கலின் காதுப் பரிசோதனைத் தாள்கள், டிஸ்எபிலிட்டி பென்ஷனை மறுத்த கடிதம், இந்த நான்கின் நகலும் கேளுங்கள். மறுப்புக் கடிதமே தனக்கு வரவில்லை என்கிறவர்கள் நிறைய. அப்படியானால் தாமதத்துக்கு அதுவே முதல் காரணம்.

பேப்பர் வந்ததும் அவருடைய சொந்த வாக்குமூலம் இருக்கிற பகுதியைத் தேடிப் படியுங்கள். ‘சேவையில் சேர்வதற்கு முன்பே இந்த நோய் இருந்ததா’ என்று ஒரு கேள்வி இருக்கும். வீட்டுக்குப் போகிற அவசரத்தில், கிளார்க் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் அப்பீல் எழுத வேண்டும்.

முதல் அப்பீலை எழுத வக்கீல் வேண்டாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். அதிலும் மறுத்தால் இரண்டாவது அப்பீல், அப்புறம் தீர்ப்பாயம். தீர்ப்பாயத்தின் கிளை சென்னையில்தான் இருக்கிறது. மதுரையிலேயே ஹைகோர்ட் கிளை இருக்கிறதே, அங்கே போடுவோம் என்று ஒத்தக்கடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போகிறவர்களை நம்பாதீர்கள். இந்த வழக்கு முதலில் நிற்க வேண்டிய இடம் அது இல்லை. தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமல் தானே நின்று பேசவும் சட்டம் இடம் தருகிறது. வக்கீல் வேண்டும் என்றால், 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் படைவீரர்களுக்கும் குடும்பத்தாருக்கும் இலவச உதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. அதே நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அந்த உசிலம்பட்டிக்காரரைப் பற்றி இன்னும் கொஞ்சம். அவர் வக்கீலாக இருந்தால், ஜெயித்த பணத்தில் பங்கு கேட்பதை பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. வக்கீல் இல்லை என்றால் தீர்ப்பாயத்தில் அவருக்கு என்ன வேலை? இனிமேல் வரப்போகிற பென்ஷனில் பங்கு எழுதி வாங்கும் பத்திரம் 1871-ம் வருட பென்ஷன் சட்டப்படி செல்லாது. இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதினாலும் இருநூறு ரூபாய்ப் பத்திரத்தில் எழுதினாலும் செல்லாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். ஆனால் ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக்கை வாங்கி வைத்திருக்கிறாரா? இன்றைக்கே போய் வாங்கிவிடுங்கள். ராணுவ பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷின் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். போனில் வருகிற ஓடிபியை மகன் கேட்டாலும் யோசித்துக் கொடுங்கள். இவர் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இவரைப் போன்றவர்களின் இன்னொரு வித்தை, அரசு ஆஸ்பத்திரியில் மாற்றுத் திறனாளி சான்றிதழ் வாங்கித் தருகிறேன், அதை ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்பினால் பென்ஷன் வந்துவிடும் என்பது. வராது. அந்த அட்டைக்கு வேறு பயன்கள் உண்டு, தகுதி இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ராணுவக் கணக்கில் ராணுவ மெடிக்கல் போர்டு போட்ட சதவீதம்தான் செல்லும்.

இனி காது மெஷின். பென்ஷன் வருவதால் உங்கள் வீட்டுக்காரர் இசிஎச்எஸ் என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் உறுப்பினர். கார்டை எடுத்துக்கொண்டு அந்தத் திட்டத்தின் மதுரை பாலிகிளினிக்குக்குப் போங்கள். அங்கிருந்து காது டாக்டருக்கு ரெஃபரல், ஆடியோகிராம் என்ற காதுப் பரிசோதனை, பிறகு மெஷினுக்கு அனுமதி. அனுமதிக்கப்பட்ட விலைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் விலையுள்ள மெஷினை எடுத்தால் மிச்சம் உங்கள் பையிலிருந்து. முதலில் கடையில் வாங்கிவிட்டு அப்புறம் பில்லை நீட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

பொதுவாக, ரெஃபரல் இல்லாமல் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் காசு உங்களுடையது. இதற்கு முக்கியமான விலக்கு உயிர் போகிற அவசரம். நீங்கள் இதைக் கேட்கவில்லை. ஆனால் ரத்தக்கொதிப்புக்காரர் இருக்கிற வீடு, அதனால் எழுதுகிறேன். நடுராத்திரி நெஞ்சுவலி வந்தால் இசிஎச்எஸ் லிஸ்டில் இருக்கிற ஆஸ்பத்திரியைத் தேடிக்கொண்டு அலைய வேண்டாம், பக்கத்தில் இருப்பதில் சேருங்கள். அது லிஸ்டில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால், சேர்த்த 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போயாக வேண்டும். இதை ஆஸ்பத்திரி செய்யாது, நீங்கள்தான் செய்ய வேண்டும். போனில் சொன்னால் பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், கூடவே எழுத்திலும் அனுப்புங்கள். இன்ன நிலையில் வந்தார், உடனே சேர்க்காவிட்டால் ஆபத்து என்று டாக்டரிடம் அவசரச் சான்று வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு பில்லும் ஒரிஜினலாக வேண்டும். அப்போதும் கட்டிய பணம் முழுவதும் வராது, அரசு நிர்ணயித்த விலைப்படிதான் வரும். என் அண்ணனும் பட்டாளத்துக்காரர்தான். அவருக்கு மேலூர்ப் பக்கம் இப்படி ஆனபோது வீடே ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டிருந்தது, யாருக்கும் போன் ஞாபகம் வரவில்லை. ஐந்தாம் நாள் சொன்னோம். பில் திரும்பி வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவன் வீட்டிலேயே இந்த லட்சணம். பாலிகிளினிக் போன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி, சாமி படத்துக்குக் கீழே ஒட்டி வையுங்கள்.

பாலிகிளினிக்குக்கு நீங்களும் கூடப் போவீர்கள். டாக்டர் அவரிடம் கேட்கும் கேள்விக்கு முந்திக்கொண்டு நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். வீட்டில் பழகிவிட்டதால் தன்னால் வாய் வந்துவிடும். அவர் ‘என்ன? என்ன?’ என்று நாலு தடவை கேட்கட்டும். டாக்டர் அதைத்தான் எழுத வேண்டும்.