பயறு ஏற்றுமதியில் ஈரப்பதத்தை ஏன் இவ்வளவு கவனமாக அளக்கிறார்கள்?

ஈரப்பதம் என்பது, பயறு மணிகளின் மொத்த எடையில் தண்ணீரின் பங்கு எவ்வளவு என்று சொல்லும் அளவு. நூறு கிலோ கொண்டைக்கடலையில் 14 கிலோ தண்ணீர் இருந்தால் அதன் ஈரப்பதம் 14 சதவீதம். கையில் அள்ளினால் கூழாங்கல்லைப் போலச் சலசலக்கும் மணிக்குள் இவ்வளவு தண்ணீரா என்று முதலில் நம்பக் கடினமாகத்தான் இருக்கும்.

சிக்கல் கடற்பயணத்தில் வருகிறது. மூடிய கொள்கலன் பகல் வெயிலில் சூடேறும்போது மணிகளிலிருந்து சிறிது நீர் ஆவியாகிறது. இரவில் இரும்புக் கூரை குளிர்ந்ததும் அந்த ஆவி துளித்துளியாகத் திரண்டு மேலடுக்கு மூட்டைகளின் மீது சொட்டுகிறது. நனைந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது, மணியின் நிறம் மங்குகிறது, மக்கிய வாடை சரக்கு முழுவதும் பரவுகிறது. சரியாக உலராத துணியை மடித்துப் பெட்டியில் பூட்டி, சில வாரங்கள் கழித்துத் திறந்து பார்ப்பதைப் போன்றதுதான் இது.

இதனால்தான் பன்னாட்டு உணவுத் தரநிலையான கோடெக்ஸ், வெப்பமான தட்பவெப்பத்துக்கும் நீண்டகாலச் சேமிப்புக்கும் கொண்டைக்கடலையின் ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும், மிதமான தட்பவெப்பத்துக்கு 16 வரை இருக்கலாம் என்றும் வகுத்திருக்கிறது.

எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு நல்லது என்று பலர் எண்ணுவது தவறு: அளவுக்கு மீறி உலர்ந்த மணி, இயந்திரத்திலும் மூட்டை ஏற்றும்போதும் தோலுரிந்து பிளவுபட்டுத் தரம் இறங்கிவிடும், எடை குறைவதால் விற்பவருக்கும் இழப்பு.